ஏழு இறக்கை வைத்த கார்

புதுவாயல் கூட்டுரோட்டில் இறங்கி, பெரியபாளையம் போகிற சாலையில் கொஞ்சம் நடந்தால் ஒரு தகர ஷெட் வரும். பெயர்ப் பலகை கிடையாது. ஜி.என்.டி. ரோட்டில் லாரி ஓட்டுகிறவர்களுக்கு அது தேவையும் இல்லை. முன்பெல்லாம் 'டிங்கர் அண்ணன் பட்டறை' என்றார்கள். இப்போது 'டிங்கர் தாத்தா பட்டறை' என்கிறார்கள். தாத்தாவுக்கு வயது 78.

இந்த ஆடி மாதம் அந்தப் பட்டறையைக் காலி செய்ய வேண்டியதாகிவிட்டது. மகன் பேசி முடித்துவிட்டார். இடத்தை வாடகைக்கு எடுப்பவர் முன்பக்கம் டீக்கடையும், பக்கத்தில் மின்சார வண்டிகளுக்கு சார்ஜ் போடுகிற பெட்டியும் வைக்கப்போகிறார். மாதம் பிறந்தால் வாடகை வரும். பட்டறைக்குக் கடைசியாக ஒரு முழு வேலை வந்து இரண்டு வருஷம் ஆகிறது. அதனால் தாத்தா எதிர்த்து ஒன்றும் பேசவில்லை. "ஹெரால்டை இன்னா பண்றது?" என்று மட்டும் கேட்டார்.

ஹெரால்டு என்றால் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. 1966 மாடல், இரண்டு கதவு. ஷெட்டின் பின்பக்கம் தார்ப்பாய்க்குள் 18 வருஷமாக நின்ற இடத்திலேயே நிற்கிறது. டயர் நான்கும் மண்ணோடு மண்ணாகிவிட்டன. காயலாங்கடைக்காரர் ஞாயிற்றுக்கிழமை வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார்.

சனிக்கிழமை பேத்திக்கு லீவு. எலக்ட்ரிகல் டிப்ளமோ முடித்துவிட்டு, திருவள்ளூர் பக்கம் ஒரு கார் ஆலைக்குக் கம்பெனி பஸ்ஸில் போய் வருகிற பெண். சாமான்களை ஒழிக்கத் தாத்தாவுக்குத் துணையாக வந்தாள். சுத்தியல்கள், டாலிகள், அரங்கள், பட்டி பூசுகிற தகடுகள் என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக்கொண்டிருந்தவள், ஒரு பழைய தகரப் பெட்டியைத் திறந்தாள். மூடியின் உள்பக்கம் ஒரு படம் ஒட்டியிருந்தது. ஓரமெல்லாம் பழுப்பேறி, நடுவில் மட்டும் பளபளப்பு மிச்சமிருந்தது.

"தாத்தா, இது இன்னா, ராக்கெட்டா?"

"காரு கண்ணு."

"காருக்கு ஏது இறக்கை?"

"ஏழு இருக்குது. எண்ணிப் பாரு."

எண்ணினாள். ஏழு இருந்தன.

அந்தப் படத்துக்குத் தாத்தாவிடம் ஒரு கதை உண்டு. 1961-இல் அவருக்கு 14 வயது. சென்னைப் புதுப்பேட்டையில் ஒரு ஷெட்டில் எடுபிடி வேலை. ஞாயிற்றுக்கிழமை மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடைகளைச் சுற்றுவதுதான் பொழுதுபோக்கு. ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையில் இந்தப் படம் இருந்தது. 25 காசு கொடுத்து வாங்கினார். இங்கிலீஷ் படிக்க வராது. ஷெட்டில் மூத்த டிங்கரிடம் காட்டியபோது அவர் உறுதியாகச் சொன்னாராம்: "பத்து வருஷத்துல இது மவுண்ட் ரோட்டுக்கு வந்துடும்டா. அன்னிக்கு இதுக்கு ஒடுக்கு எடுக்கத் தெரிஞ்சவன்தான் டிங்கர்."

பையன் அதை நம்பிவிட்டான். அன்றிலிருந்து அவனுக்கு ஒரே யோசனை. தகட்டில் ஒடுக்கு எடுக்க வேண்டுமென்றால் உள்பக்கம் டாலியை அணைத்துப் பிடித்து, வெளிப்பக்கம் சுத்தியலால் தட்ட வேண்டும். இந்த இறக்கைகளுக்குள் கையே போகாது போலிருக்கிறதே, டாலியை எங்கே வைப்பது? அறுபது வருஷத்துக்கு மேலாக அவருக்கு விடை தெரியாத கேள்வி அது.

பேத்தி போனை எடுத்துப் படத்தின் மேல் நீட்டினாள். ஐந்து விநாடி கூட ஆகவில்லை.

"பேரு கிடைச்சிடுச்சு தாத்தா. ஃபயர்பேர்டு த்ரீ. அமெரிக்காவுல ஜெனரல் மோட்டார்ஸ் செஞ்சது. 1958."

தாத்தா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "ஓடுச்சா, இல்ல சும்மா பொம்மையா?"

நல்ல கேள்வி. அந்தக் காலத்துக் கனவுக் கார்களில் பாதிக்கு மேல் சும்மா பொம்மைதான். ஃபயர்பேர்டு மட்டும் ஓடியது. ஜெனரல் மோட்டார்ஸின் வடிவமைப்புத் தலைவர் ஹார்லி ஏர்ல் 1950-களில் அடுத்தடுத்து மூன்று ஃபயர்பேர்டுகளுக்கு வடிவம் கொடுத்தார். மூன்றிலும் பெட்ரோல் பிஸ்டன் இன்ஜினுக்குப் பதிலாக, ஜெட் விமானத்தில் இருப்பது போன்ற டர்பைன். முதலாவது கிட்டத்தட்ட விமானமேதான். ஒரே ஓர் ஆள் உட்காரலாம், மூக்கு கூர்மை, பக்கவாட்டில் குட்டை இறக்கை. இரண்டாவது 1956-இல் வந்தது. நான்கு பேர் குடும்பத்தோடு போகிற கார். உடல் முழுக்க டைட்டானியம். மூன்றாவதுதான் பெட்டி மூடியில் இருப்பது. ஸ்டீயரிங் சக்கரமே கிடையாது. இரண்டு இருக்கைக்கும் நடுவில் ஒரு கைப்பிடி. அதைத் தள்ளினால் வேகம், இழுத்தால் பிரேக், சாய்த்தால் திருப்பம். நிலாவுக்குப் போகிற ராக்கெட்டில் ஏறப் போகிறவர், ராக்கெட் நிற்கிற இடம் வரைக்கும் எதில் போவார் என்று யோசித்துத்தான் ஏர்ல் இதை நினைத்தாராம்.

இவற்றையெல்லாம் 'மோட்டோரமா' என்று ஊர் ஊராகக் காட்டினார்கள். 1949-இல் தொடங்கி 1961 வரை நடந்தது. பாட்டு, ஆட்டம், விளக்கு அலங்காரம், நடுவில் சுழல் மேடையில் நாளைய கார். கீழே இறங்கினால் இந்த வருஷத்துக் கார் விற்பனைக்கு நிற்கும். திருவிழாவில் சாமி ஊர்வலத்தை வேடிக்கை பார்த்துவிட்டு வளையல் கடையில் காசைக் கொடுத்துவிட்டு வருகிற மாதிரிதான். சாமியை யாரும் வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை.

இரண்டாவது ஃபயர்பேர்டுக்காக ஒரு குறும்படமும் எடுத்தார்கள். வெயிலில் நெரிசலில் மாட்டிக்கொண்டு புழுங்குகிறது ஒரு குடும்பம். அப்படியே கனவு கண்டு 1976-ஆம் வருஷத்துக்குப் போகிறது. அங்கே நெடுஞ்சாலையில் கோபுரத்திலிருந்து ஒருவர் வழி சொல்ல, கார் தானாகவே ஓடுகிறது. அப்பா ஸ்டீயரிங்கை விட்டுவிட்டுச் சாய்ந்து உட்காருகிறார். வெறும் கற்பனை என்றும் தள்ளிவிட முடியாது. 1958-இல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் சோதனைச் சாலைக்கு அடியில் மின்கம்பி பதித்து, ஓட்டுநர் கை வைக்காமலே ஒரு செவர்லே காரை அந்தக் கம்பியின் வழியே ஓட்டிக் காட்டியது.

"எழுவத்தாறா?" என்று கேட்டுவிட்டுத் தாத்தா சிரித்தார். 1976-இல் அவர் புதுப்பேட்டையில் குந்தியபடி ஒரு ஹெரால்டின் மட்கார்டைத் தட்டிக்கொண்டிருந்தார். அவசர நிலைக் காலம். புதுக் கார் வேண்டுமென்றால் பணத்தைக் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதனால் பழைய காருக்குத்தான் மரியாதை. டிங்கர்களுக்கு அது பொற்காலம்.

பேத்தி விடவில்லை. போனில் அடுத்தடுத்து ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினாள். ஃபோர்டு கம்பெனியின் 'நியூக்ளியான்' வந்தது. 1958-இல் காட்டிய மாதிரி. பின்பக்கம் டிக்கி இருக்க வேண்டிய இடத்தில் சின்ன அணு உலை. ஒருமுறை எரிபொருள் போட்டால் 8,000 கிலோமீட்டர் ஓடும் என்றார்கள். புதுவாயலிலிருந்து கல்கத்தா போய்த் திரும்பி, மறுபடி போய் வரலாம். இது மட்டும் நிஜமாகவே பொம்மை. கதிர்வீச்சைத் தடுக்கிற கவசத்தின் எடையைத் தாங்குகிற கார் எதுவும் கிடையாது என்பதால், முழு அளவில் செய்யவே இல்லை.

"இது பின்னாடி எவனாவது மோதினா?" என்றார் தாத்தா. "ஒடுக்கு எடுக்க எவன் கிட்ட போவான்?"

அடுத்தது கிரைஸ்லர் கம்பெனியின் டர்பைன் கார். இந்தக் கதைதான் தாத்தாவை நிமிர்ந்து உட்காரவைத்தது. கிரைஸ்லர் மேடையோடு நிற்கவில்லை. இத்தாலியில் டூரின் நகரத்தில் உள்ள கியா பட்டறையில் உடலைக் கையால் செய்யவைத்து, வெண்கல நிறம் அடித்து, 50 கார்களைச் சாதாரண ஜனங்களிடமே ஓட்டக் கொடுத்தது. 1963 முதல் 1966 வரை 203 குடும்பங்கள், ஒவ்வொரு குடும்பத்துக்கும் மூன்று மாதம். பணம் கிடையாது, எரிபொருள் செலவு மட்டும் அவர்களுடையது. ஓட்டிப் பார்த்துவிட்டுக் குறை நிறை சொல்ல வேண்டும். மண்ணெண்ணெயில் ஓடும், டீசலில் ஓடும், கடலை எண்ணெயில்கூட ஓடும். மெக்சிகோ ஜனாதிபதி முன்னால் அந்த ஊர்ச் சாராயமான டெக்கிலாவை ஊற்றியே ஓட்டிக் காட்டினார்களாம். ஆகாதது ஒன்றே ஒன்றுதான்: ஈயம் கலந்த பெட்ரோல். அன்றைக்கு அமெரிக்காவில் பங்குக்குப் பங்கு விற்றது அதுதான்!

ஓட்டியவர்களுக்கு அந்தக் காரின் மேல் பிரியம்தான். அதிர்வே இல்லை. இன்ஜினில் உருப்படிகள் குறைவு, அதனால் ரிப்பேரும் குறைவு. ஆனால் ஆக்சிலேட்டரை மிதித்தால் ஒரு நொடிக்கு மேல் யோசித்துவிட்டுத்தான் கிளம்பும். சிக்னலில் சும்மா நின்றாலும் எண்ணெய் குடிக்கும். டர்பைன் சக்கரம் சுழல்கிற சூட்டைத் தாங்க விலை கூடிய உலோகம் வேண்டும். வானத்தில் ஒரே வேகத்தில் மணிக்கணக்காகப் பறக்கிற விமானத்துக்கு ஏற்ற இன்ஜின் அது. நின்று நின்று போகிற ஊர்ச் சாலைக்குப் பொருந்தவில்லை.

சோதனை முடிந்ததும் கிரைஸ்லர் அந்தக் கார்களைத் திரும்ப வாங்கி, பெரும்பாலானவற்றை அழித்துவிட்டது. மாதிரிக்காகச் செய்ததையும் சேர்த்து மொத்தம் 55-இல் மிஞ்சியது 9. இத்தாலியில் செய்த உடலுக்குக் கட்ட வேண்டிய வரி ஒரு காரணம் என்றார்கள். உதிரி பாகம் இல்லாத கார் வெளியே போய்ச் சீரழிந்தால் பெயர் கெடும் என்ற பயம் இன்னொன்று.

"நல்லா ஓடின காரையா?" என்று தாத்தா கேட்டார். "கையால தட்டிச் செஞ்ச பாடியையா?" பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் தார்ப்பாய் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் ஆயா தூக்குப் போணியில் டீ கொண்டுவந்தார். பேத்தி ஆயாவிடமும் போனைக் காட்டி, "ஆயா, உனக்கு இதுல எது வேணும்?" என்றாள். ஆயா ஒவ்வொரு படமாகப் பொறுமையாகப் பார்த்தார். அணு உலை, இறக்கை, கண்ணாடிக் கூண்டு எல்லாவற்றையும் பார்த்து முடித்தார்.

"நாலு பேரு நனையாம போவணும். அதுக்கு எது ஆவும்?" என்றார்.

ஆயா சும்மா சொல்லவில்லை. குடும்பம் 1982-இல் புதுவாயலுக்கு வந்தது. இரண்டு வருஷம் கழித்து ஓர் ஐப்பசி இரவில், அடைமழையில் அவருக்கு வலி எடுத்துவிட்டது. பஸ் இல்லை. தாத்தா ரோட்டுக்கு ஓடி, கையை விரித்துக்கொண்டு ஒரு லாரியை நிறுத்தினார். பொன்னேரி ஆஸ்பத்திரி வாசலில் லாரி நின்றபோது கேபினுக்குள்ளேயே குழந்தை பிறந்துவிட்டது. அந்தக் குழந்தைதான் பேத்திக்கு அத்தை. மூத்த பையன், அதாவது பேத்தியின் அப்பா, நாலு வயசுப் பிள்ளை, லாரியின் பின்பக்கம் நெல் மூட்டைகளுக்கு நடுவில் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு தனியாக உட்கார்ந்து வந்தான். நனைந்து, ஒரு வாரம் காய்ச்சலில் கிடந்தான். நாள் பூரா காருக்கு நடுவிலேயே இருக்கிற மனுஷன் வீட்டில் கார் இல்லை என்று ஆயா அன்றைக்குத்தான் முதல் தடவையாக அழுதாராம்.

நம் ஊரில் வருங்காலக் காரைப் பற்றிக் கனவு கண்டவர்கள் ஆயாவின் கேள்வியைத்தான் கையில் எடுத்தார்கள். அமெரிக்காக்காரர்களுக்குச் சாதாரணக் கார் ஏற்கெனவே வீட்டு வாசலில் நின்றது. அதனால் அவர்கள் அணு உலைவரை போகலாம். இங்கே சாதாரணக் காரே கனவுதான். கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடு பழனி-பொள்ளாச்சி பஸ் ஓட்டித் தொழிலைத் தொடங்கியவர். மின் மோட்டார் முதல் சவரக் கத்திவரை எதையும் பிரித்துப் பார்த்து, திருத்திச் செய்தவர். 1952-இல் இரண்டு பேர் போகிற ஒரு பெட்ரோல் காரைச் செய்தார். விலை 2,000 ரூபாய் என்றார். அரசாங்கத்தின் லைசென்ஸ் கிடைக்கவில்லை. கார் அதோடு நின்றது. மகாராஷ்டிரத்தில் இச்சல்கரஞ்சி என்ற ஊரில் சங்கர்ராவ் குல்கர்னி என்பவர் 'மீரா' என்று ஒரு குட்டிக் காரை வருஷக்கணக்காகத் திருத்தித் திருத்திச் செய்துகொண்டிருந்தார். கேரளத்தில் 'அரவிந்த்' என்று ஒன்று. எல்லாம் ஒன்று, இரண்டு வண்டியோடு சரி. டர்பைன் காரைத் தோற்கடித்தது வெப்பமும் எரிபொருளும். இவற்றைத் தோற்கடித்தது ஃபைல். முந்தையது அறிவியல், அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. பிந்தையதை அப்படிச் சொல்லிவிட்டுப் போக முடியவில்லை.

கடைசியில் அந்தச் சின்னக் கார் வந்தது 1983 டிசம்பரில், மாருதி 800 என்ற பெயரில். அதுவும் ஜப்பான் சுசூகியின் கை பிடித்துத்தான். புதுவாயல் தாத்தாவுக்கு மாருதியின் மேல் ஒரு மனத்தாங்கல் உண்டு. அதன் தகடு மெலிசாம், அம்பாசடர் மாதிரி அடி தாங்காதாம். ஆனால் மழையில் நான்கு பேரை நனையாமல் கொண்டுபோனது என்பதை ஒப்புக்கொள்வார்.

அவர் வீட்டுக்கு வந்தது மாருதி இல்லை. 1991-இல் பொன்னேரிப் பக்கத்துத் தலைமையாசிரியர் ஒருவர், ஓய்வு பெற்ற கையோடு தன் ஹெரால்டைப் பட்டறையில் விட்டார். வேலையை முடித்தபோது, "கூலிக்கு பதிலா நீயே வெச்சுக்கப்பா. எனக்கு இனிமே ஓட்டக் கண்ணு தெரியல" என்று சாவியைக் கொடுத்துவிட்டார். அந்த வருஷ ஐப்பசி மழையில் முதல் காரியமாக ஆயாவையும் இரண்டு பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு, ஒரு காரணமும் இல்லாமல் பொன்னேரி போய்த் திரும்பினார் தாத்தா. அத்தையின் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை அழைப்பும் அந்தக் காரில்தான்.

ஹெரால்டும் ஒருவகையில் எதிர்காலத்தை நினைத்து வரைந்த கார்தான். வரைந்தவர் ஜொவான்னி மிக்கெலோட்டி. கிரைஸ்லரின் டர்பைன் காருக்கு உடல் செய்த அதே டூரின் ஊர்க்காரர். பிரிட்டனில் 1959-இல் ட்ரையம்ப் ஹெரால்டாக வந்தது. பின்பக்கம் சின்னதாக இரண்டு இறக்கை இருக்கும். ஏழு இல்லை, இரண்டு. நம் ஊருக்கு அவ்வளவுதான் வந்து சேர்ந்தது. வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார் ஆலையில் 1961 முதல் பத்து வருஷம் செய்தார்கள். பின்னாளில் இந்தியாவுக்கென்றே நான்கு கதவு வைத்தும் செய்தார்கள்.

அதில் ஒரு விசேஷம். அந்த நாளில் பிரிட்டனில் முழு உடலாகச் செய்து கொடுக்க ஆலை கிடைக்காததால், உடலைத் துண்டு துண்டாகச் செய்து, தனிச் சட்டத்தின் மேல் போல்ட்டு போட்டு முடுக்கினார்கள். முன்பக்க பானெட்டும் மட்கார்டும் ஒரே துண்டாக முதலைவாய் மாதிரி முன்னால் கவிழும். வேறு வழியில்லாமல் செய்த ஏற்பாடு, டிங்கர்களுக்கு வரமாக அமைந்தது. எந்தத் துண்டு நசுங்கினாலும் கழற்றித் தரையில் வைத்துத் தட்டலாம். டாலிக்கு இடமில்லை என்ற பேச்சே கிடையாது.

"நாளைக்கு அவன் வந்து கேஸ் கட்டர் வெச்சு அறுப்பான்ல?" என்று பேத்தி கேட்டாள்.

"அறுக்க விடமாட்டேன். நானே கழட்டித் தரேன்" என்றார் தாத்தா.

ஆயாவுக்கு இதில் கலக்கம் ஒன்றும் தெரியவில்லை. "போவட்டும். ஓடினவரைக்கும் ஓடிச்சு" என்று சொல்லிவிட்டுப் போணியை எடுத்துக்கொண்டு போனார்.

பேத்தி மட்டும் போனை மடியில் வைத்துக்கொண்டு யோசித்தபடி இருந்தாள். அவள் வேலை செய்கிற திருவள்ளூர்ப் பக்கத்துக்கும் இப்படி ஒரு வரலாறு உண்டு. 1998-இல் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் அங்கே மிட்சுபிஷி லேன்ஸர் செய்யத் தொடங்கியபோது, அம்பாசடர் கம்பெனியா இப்படி ஒரு காரைச் செய்கிறது என்று ஊரே அதிசயப்பட்டது. அதே இடத்தில் இப்போது பிரெஞ்சுக் கம்பெனி சிட்ரோயனின் கார்கள் உருவாகின்றன. 2023 முதல் மின்சாரக் காரும் உண்டு.

சிட்ரோயனின் பழைய கதை ஒன்றைத் தாத்தாவுக்குப் படித்துக் காட்டினாள். 1930-களில் அதன் துணைத் தலைவர் பியர் பூலான்ஷே தன் பொறியாளர்களிடம் கேட்ட வருங்காலக் காருக்கு இறக்கை கிடையாது. இரண்டு விவசாயிகள், 50 கிலோ உருளைக்கிழங்கு, மணிக்கு 60 கிலோமீட்டர். உழுத வயலில் போனாலும் கூடையில் உள்ள முட்டை உடையக் கூடாது. கார் தயாராகி வரும்போது போர் வந்துவிட்டது. ஜெர்மன்காரர் கையில் சிக்கக் கூடாது என்று மாதிரி வண்டிகளை ஒளித்துவைத்தார்கள். 1948-இல் அது '2சிவி' என்ற பெயரில் வெளியே வந்தது. முதலில் பத்திரிகைக்காரர்கள் கேலி செய்தார்கள். ஆனால் 1990 வரை 42 வருஷம் ஆலையில் ஓடிக்கொண்டே இருந்தது. அப்போது ஒளித்துவைத்த மாதிரிகளில் மூன்று, 1990-களில்தான் ஒரு கொட்டகையின் பரணிலிருந்து கிடைத்தன.

"முட்டை கூடை," என்றார் தாத்தா. "அவன் உங்க ஆயாவப் பாத்திருக்கான்."

ஞாயிற்றுக்கிழமை காயலாங்கடைக்காரர் வந்து எடைக்கு இவ்வளவு என்று சொன்னார். தாத்தா விலையைப் பற்றிப் பேசவே இல்லை. இரண்டு வாரம் தவணை மட்டும் கேட்டார். அந்த இரண்டு வாரமும் லீவு நாளில் பேத்தி ஸ்பேனரோடு வந்தாள். துரு பிடித்த போல்ட்டில் மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைக்கவும், பிடிவாதம் பிடிக்கிற நட்டுக்குப் பக்கவாட்டில் ஒரு தட்டு தட்டி மனசைக் கலைக்கவும் கற்றுக்கொண்டாள். பானெட் முழுசாகக் கழன்றது. கதவுகள் வந்தன. அடியில் தரைத்தகடு அப்பளம் மாதிரி உதிர்ந்தது. இறக்கை வைத்த பின்பக்க மட்கார்டு ஒன்று மட்டும் அதிகம் கெடாமல் இருந்தது. அதில் பழைய ஒடுக்கு ஒன்று. தாத்தா தரையில் சாக்கைப் போட்டு உட்கார்ந்து, டாலியை அவள் கையில் கொடுத்தார்.

"கண்ணால பாக்காத. உள்ளங்கையால தடவு. மேடு எங்க, பள்ளம் எங்கன்னு கை சொல்லும். நடுவுல அடிக்காத, ஓரத்துலருந்து வா."

முதல் முறை தட்டியதில் பள்ளம் இரண்டாயிற்று. நான்காவது முறை உள்ளங்கைக்குத் தட்டுப்படாமல் போனது. அந்த மட்கார்டு காயலாங்கடை வண்டியில் ஏறவில்லை. இன்றைக்கு வீட்டுத் திண்ணையில் சாத்தி வைத்திருக்கிறார்கள். ஆயா அதன் மேல் வடகம் காயவைக்கத் துணி விரிக்கிறார்.

தகரப் பெட்டி டீக்கடையின் பின்பக்கத்துக்குப் போயிற்று. மூடியில் இருந்த படத்தைப் பிய்க்கவில்லை. ஃபயர்பேர்டு த்ரீயின் இறக்கைக்கு டாலி எப்படி வைப்பது என்ற கேள்விக்கும் பேத்தி தேடிப் பார்த்து ஒரு விடை சொன்னாள்: அந்தக் காரின் உடல் தகடே இல்லையாம், ஃபைபர் கிளாஸாம். தாத்தாவுக்கு ஏமாற்றம்தான். அறுபது வருஷம் வீணாக யோசித்திருக்கிறார்.

ஆவணி கடைசியில் சார்ஜ் பெட்டிக்கு மின் இணைப்பு வந்தது. முதல் வாரத்திலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நெல்லூர்ப் பக்கம் போகிற இளைஞர் ஒருவர் வெள்ளை மின்சாரக் காரைக் கொண்டுவந்து நிறுத்தி, வயரைச் செருகிவிட்டு டீ கேட்டார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த தாத்தா எழுந்து காரைச் சுற்றி வந்தார். பின்கதவில் ஒரு கை அகலத்துக்கு ஒடுக்கு. பெயிண்டு உடையவில்லை.

"கதவையே மாத்தணும்னு சொல்லிட்டாங்க தாத்தா," என்றார் இளைஞர்.

தாத்தா கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டு, உள்ளங்கையால் கதவை ஒருமுறை தடவினார். கதவின் உள்பக்கப் பலகையைக் கழற்ற எத்தனை ஸ்குரூ என்று குனிந்து பார்த்தார். பிறகு பேத்தியைத் திரும்பிப் பார்த்தார்.

"சார்ஜ் ஏற எவ்ளோ நேரம் ஆவும்?"

அவள் பெட்டியின் திரையைப் பார்த்தாள். "அம்பது நிமிஷம் காட்டுது."

"போதும். டாலிய எடுத்துக்கினு வா கண்ணு."